யூடியூப் ஓடுது, ப்ளே ஸ்டோர் மட்டும் ஓடலை

“அண்ணே, நெட் இருக்கு, வாட்ஸ்அப் வருது, யூடியூப் ஓடுது. ப்ளே ஸ்டோர் மட்டும் இணைப்பு இல்லைங்குது.” ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூரின் தேக்கா பக்கம் ஏதாவதொரு போன் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் புகார் காதில் விழாமல் போகாது. அதற்கு வரும் பதிலும் அநேகமாக ஒன்றுதான்: “ரீசெட் போட்டுரலாம் தம்பி.”

போடாதீர்கள். இதைப் படித்து முடிக்கும்வரையாவது போடாதீர்கள்.

செயலிக் கடை ‘இணைக்க முடியவில்லை’ என்று காட்டினால், அது சொல்வது இவ்வளவுதான்: கேட்டேன், ஏற்கத்தக்க பதில் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது அதற்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லாது. வைஃபையின் உள்நுழைவுப் பக்கம் பாதியில் நிற்கலாம், போனின் கடிகாரம் தவறாக இருக்கலாம், என்றோ போட்ட விபிஎன் (இணையப் போக்கை வேறொரு சேவையகம் வழியாகத் திருப்பும் செயலி) இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம், கணக்கின் அனுமதி காலாவதி ஆகியிருக்கலாம், கூகலின் பக்கமே விழுந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் திரையில் வருவது ஒரே வாசகம். முழு ரீசெட் இவற்றில் சிலவற்றைத்தான் சரிசெய்யும். அதற்கு விலையாகப் படங்களை இழக்கலாம். அரசுச் சேவைகளில் நுழைய உதவும் சிங்பாஸையும் வங்கிச் செயலியையும் மறுபடி முதலிலிருந்து அமைக்க வேண்டும். அதனால் வேலையைத் தொடங்க வேண்டிய இடம் வேறு: பாதை எந்தக் கண்ணியில் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது.

இரண்டு நிமிடச் சோதனை

வைஃபையை அணையுங்கள். சிம் டேட்டாவில் ப்ளே ஸ்டோரைத் திறந்து பாருங்கள். சிம்மில் டேட்டா இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் ஹாட்ஸ்பாட் கேளுங்கள். பத்து எம்பி கூடச் செலவாகாது. அங்கே திறந்துவிட்டால் பெரும்பாலும் உங்கள் போனும் குற்றவாளி இல்லை, கணக்கும் குற்றவாளி இல்லை; கோளாறு அந்த வைஃபையில். இரண்டிலும் திறக்கவில்லையென்றால் வைஃபையை விட்டுவிடுங்கள், ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை. போனுக்குள்ளேயோ கணக்கிலேயோ தேட வேண்டும்.

சோதனைக்கு முன் அறிவிப்புப் பட்டையில் ஒரு சாவிப் படமோ ‘விபிஎன்’ என்ற எழுத்தோ தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் அணைத்துவிடுங்கள். ஊர்ச் சேனல் பார்க்கப் போட்ட இலவச விபிஎன், விளம்பரம் தடுக்கும் செயலி, இரண்டுமே இந்தச் சாவியைக் காட்டும். விளம்பரத் தடுப்பான்கள் பல, போனுக்குள்ளேயே ஒரு போலி விபிஎன் அமைத்துத்தான் வேலை செய்கின்றன. அவற்றின் தடுப்புப் பட்டியலில் கூகலின் ஒரு முகவரி தவறிச் சேர்ந்தால் போதும், கடை திறக்காது.

வைஃபை பக்கம் என்றால்

எம்ஆர்டி நிலையம், சமூக மன்றம், கடைத்தொகுதி போன்ற இடங்களில் கிடைக்கும் வயர்லெஸ்@எஸ்ஜி என்ற இலவசப் பொது வைஃபையில் வரும் கோளாறு பெரும்பாலும் ஒரே வகை. வைஃபை சின்னம் முழுதாகத் தெரியும். ஆனால் உள்நுழைவுப் பக்கம் முடிந்திருக்காது. அதுவரை அந்த வலையமைப்பு எந்தக் கோரிக்கையையும் வெளியே விடாது, எல்லாவற்றையும் தன் பக்கத்துக்கே திருப்பும். ஆண்ட்ராய்டு இதைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரம் வைத்திருக்கிறது: கூகலின் ஒரு முகவரிக்குச் சின்னக் கோரிக்கை அனுப்பும், வெறுமையான ‘204’ பதில் வந்தால் பாதை திறந்திருக்கிறது, வேறேதும் வந்தால் நடுவில் யாரோ குறுக்கிடுகிறார்கள். அப்போதுதான் ‘நெட்வொர்க்கில் உள்நுழையவும்’ என்ற அறிவிப்பு வரும். ஐபோன் இதே வேலைக்கு ஆப்பிளின் ஒரு பக்கத்தைத் தட்டிப் பார்க்கும். ‘சக்ஸஸ்’ என்ற ஒரே சொல் வந்தால் சரி.

அறிவிப்பை யாரோ விரலால் ஒதுக்கித் தள்ளிவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். உலாவியைத் திறந்து ‘கேப்டிவ் டாட் ஆப்பிள் டாட் காம்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஆண்ட்ராய்டிலும் இது உதவும். உள்நுழைவுப் பக்கம் எட்டிப் பார்க்கும், கைபேசி எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டு முடிக்கலாம். அடிக்கடி இந்த வைஃபையைப் பயன்படுத்துபவர்கள், கடைசியில் ‘எக்ஸ்’ எழுத்து சேர்ந்திருக்கும் வயர்லெஸ்@எஸ்ஜிஎக்ஸ் பெயரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஒருமுறை அமைத்தால் அடுத்த தடவை தானே நுழைந்துகொள்ளும்.

ஊழியர் தங்கும் விடுதிகளின் வைஃபையில் இன்னொரு சிக்கல் உண்டு. பல இடங்களில் காசு கட்டி வாங்கும் திட்டம் உங்கள் போனின் மேக் முகவரியோடு, அதாவது வைஃபைக்கு அது காட்டும் அடையாள எண்ணோடு, கட்டப்பட்டிருக்கும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைமுகவரியைக் காட்டுகின்றன. ‘நெட்வொர்க் ரீசெட்’ போட்டால் அந்தப் புனைமுகவரி மாறிவிடக்கூடும். அப்புறம் விடுதி அமைப்புக்கு நீங்கள் புது ஆள். கட்டிய முப்பது நாள் திட்டம் காணாமல் போனது போலத் தெரியும். சில விடுதிகள் ‘இரண்டு சாதனங்கள் மட்டும்’ என்று வைத்திருப்பதால் பழைய முகவரியும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். விடுதி வைஃபையைப் பயன்படுத்துபவர்கள் நெட்வொர்க் ரீசெட்டைக் கடைசி மருந்தாக வைத்துக்கொள்ளுங்கள். போட்டே தீர வேண்டுமென்றால், முன்னதாக அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் தெரியும் மேக் முகவரியை ஒரு படம் பிடித்து வையுங்கள். பொறுப்பாளரிடம் காட்டி மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டு வைஃபை என்றால் முதலில் ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். அந்தப் பெட்டியில், அதாவது ஓஎன்டியில், ‘எல்ஓஎஸ்’ விளக்கு சிவப்பாக மின்னினால் கண்ணாடி இழையில் ஒளியே வரவில்லை. போனில் எதைத் தொட்டாலும் பயனில்லை, சேவை நிறுவனத்தை அழைப்பதுதான் வழி. விளக்குகள் ஒழுங்காக இருந்தால் ஓஎன்டி, ரவுட்டர் இரண்டையும் அணைத்து, அரை நிமிடம் விட்டு, ஓஎன்டியை முதலிலும் அதன் விளக்கு நிலைத்ததும் ரவுட்டரையும் போடுங்கள்.

அதற்கும் அசையவில்லையா? உலாவியின் முகவரிப் பட்டையில் எழுத்தே இல்லாமல் 1.1.1.1 என்று தட்டுங்கள். பக்கம் திறந்து, பெயர் போட்ட தளங்கள் மட்டும் திறக்கவில்லையென்றால் சாலை நன்றாகத்தான் இருக்கிறது, விலாசப் புத்தகம்தான் கிழிந்திருக்கிறது. அதாவது டிஎன்எஸ் கோளாறு. வாட்ஸ்அப் மட்டும் ஓடி மற்றவை நிற்பதற்கும் இது காரணமாக இருக்கலாம்: ஏற்கெனவே திறந்த இணைப்பு புதிதாக விலாசம் கேட்காமல் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். 2016 அக்டோபர் 22, 24 இரவுகளில் சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தின் அகலக்கற்றை வாடிக்கையாளர்களுக்கு இணையமே போய்விட்டது போல இருந்ததற்குக் காரணம் டிஎன்எஸ் சேவையகங்கள் திணறியதுதான். வேறு டிஎன்எஸ் எண்ணைக் கையால் போட்டவர்கள் அன்றைக்குத் தப்பித்துக்கொண்டார்கள்.

டிஎன்எஸ் பற்றிப் பேசும்போதே ஆண்ட்ராய்டின் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ அமைப்பையும் சொல்லிவிட வேண்டும். ஆண்ட்ராய்டு 9 முதல் இது இருக்கிறது. யூடியூபில் ‘விளம்பரமே வராது, இந்தப் பெயரைப் போடுங்க’ என்று சொல்லித்தரும் காணொளிகளைப் பார்த்துப் பலர் இதில் ஒரு பெயரை எழுதி வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். இது 853ஆம் எண் வாயில் (போர்ட்) வழியாகப் போகும். அலுவலகமோ விடுதியோ அந்த வாயிலை மூடி வைத்திருந்தால், குறிப்பிட்ட பெயரைத் தவிர வேறெங்கும் கேட்கக் கூடாது என்று போனுக்குக் கட்டளை இருப்பதால், அது பிடிவாதமாக எதையும் திறக்காது. சாம்சங்கில் செட்டிங்ஸ், கனெக்‌ஷன்ஸ், மோர் கனெக்‌ஷன் செட்டிங்ஸ் வழியாகப் போய் பிரைவேட் டிஎன்எஸ்ஸை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்குங்கள். வீட்டில் எல்லாம் ஓடி, வேலையிடத்தில் மட்டும் எதுவும் ஓடாத போன்களில் நான் முதலில் திறக்கச் சொல்லும் பக்கம் இதுதான்.

அலுவலக வைஃபையில் ஆப் ஸ்டோர் மட்டும் திறக்காமல் மற்ற தளங்கள் திறந்தால் அது நிறுவனத்தின் முடிவாகவே இருக்கும். பாதுகாப்புக்காக நடுவில் பிரித்துப் படிக்கும் கருவிகளை வைத்திருப்பார்கள். அப்படிப் பிரித்த இணைப்பை ஆப்பிளின் சேவைகள் ஏற்பதே இல்லை. ப்ளே ஸ்டோருக்கு 443 தவிர 5228 முதல் 5230 வரையிலான வாயில்களும் திறந்திருக்க வேண்டும். ஐடி பிரிவில் இந்த எண்களைச் சொல்லிக் கேட்டால் பேச்சு சீக்கிரம் முடியும்.

சிம் டேட்டா பக்கம் என்றால்

உட்லண்ட்ஸ், கிராஞ்சி, துவாஸ் ஓரங்களில் இருப்பவர்கள் முதலில் திரையின் மேல் மூலையில் எந்த நிறுவனத்தின் பெயர் தெரிகிறது என்று பாருங்கள். நீரிணைக்கு அந்தப் பக்கத்து மலேசிய அலை பலமாக இருந்தால் போன் அதைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங் அணைத்திருப்பதால் டேட்டா வராது. சிக்னல் கோடுகள் மட்டும் நிறைய இருக்கும். நெட்வொர்க் தேர்வில் ‘ஆட்டோமேட்டிக்’கை அணைத்துவிட்டு உங்கள் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள். ரோமிங்கைப் போட்டுப் பார்க்கலாமே என்று மட்டும் நினைக்காதீர்கள். ப்ரீபெய்ட் இருப்பு கரைந்துவிடும்.

வாட்ஸ்அப் ஓடுவதை வைத்து டேட்டா இருக்கிறது என்று முடிவு கட்டவும் கூடாது. சில திட்டங்களில் வாட்ஸ்அப்புக்குத் தனிக் கணக்கு. பொது டேட்டா தீர்ந்த பிறகும் அது ஓடும். இருப்பைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, கடைச் செயலிக்கு டேட்டா அனுமதி இருக்கிறதா என்பது. ஐபோனில் செட்டிங்ஸில் மொபைல் டேட்டா பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போனால் செயலிகளின் பட்டியல் வரும். அதில் ‘ஆப் ஸ்டோர்’ பச்சையாக இருக்க வேண்டும். டேட்டா மிச்சம் பிடிக்க வரிசையாக எல்லாவற்றையும் அணைத்தவர்கள் இதையும் சேர்த்து அணைத்திருப்பார்கள். சியோமி போன்களில் ஒவ்வொரு செயலிக்கும் வைஃபை, மொபைல் என்று தனித்தனி டிக் உண்டு. ப்ளே ஸ்டோருக்குள்ளேயும் சுயவிவரப் படத்தைத் தட்டி, செட்டிங்ஸ், நெட்வொர்க் ப்ரிஃபரென்சஸ் போனால் ‘வைஃபையில் மட்டும்’ என்று ஒரு தேர்வு இருக்கும். அது கடையைத் திறக்க விடும், இறக்க மட்டும் விடாது.

கடிகாரம்

இது சில்லறை விஷயம் போலத் தெரியும். ஆனால் இரண்டு பாதையிலும் திறக்காத போன்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கடையின் சேவையகம் தன்னை நிரூபிக்க ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அதில் ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை’ என்று இருக்கும். போன் தன் கடிகாரத்தை வைத்துத்தான் அதைச் சரிபார்க்கிறது. கூகல் தளங்களின் சான்றிதழ்கள் ஏறத்தாழ மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். இழுப்பறையில் ஆறு மாதம் மின்கலம் செத்துக் கிடந்த பழைய போனை எடுத்துச் சார்ஜ் போட்டால் தேதி எங்கோ பின்னால் நிற்கும்; அந்தத் தேதியில் இன்றைய சான்றிதழ் இன்னும் பிறந்திருக்காது. போன் கதவைச் சாத்திவிடும். உலாவியில் இதே கோளாறு ‘உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது’ என்று நாகரிகமாக வரும்; ப்ளே ஸ்டோரில் வெறும் ‘இணைப்பு இல்லை’.

இன்னும் நுட்பமான ஒன்று, ஊரிலிருந்து வந்த போன்களில். சாங்கியில் இறங்கியதும் மணி பிந்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, தானியங்கி அமைப்பை அணைத்து, கையால் இரண்டரை மணி நேரம் தள்ளி வைத்திருப்பார்கள். திரையில் பார்த்தால் சிங்கப்பூர் மணிதான். ஆனால் நேர மண்டலம் இன்னும் கொல்கத்தா. இங்கே இரவு 9 என்றால் உலகப் பொது நேரம் பிற்பகல் 1 மணி; போனோ 9இலிருந்து ஐந்தரையைக் கழித்து 3.30 என்று நினைத்துக்கொள்ளும். சான்றிதழ்கள் இந்த இரண்டரை மணிக் கூடுதலைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் கணக்கில் நுழையக் கேட்கும் அந்த ஆறு இலக்க எண், அங்கீகரிப்புச் செயலியில் முப்பது நொடிக்கு ஒருமுறை மாறுவது, ஒருபோதும் பொருந்தாது. கடவுச்சொல் சரி, எண் சரி, ஆனாலும் உள்ளே விடாது.

சாம்சங்கில் ஜெனரல் மேனேஜ்மென்ட், டேட் அண்ட் டைம். பிக்சலில் சிஸ்டம், டேட் அண்ட் டைம். ஐபோனில் ஜெனரல், டேட் அண்ட் டைம். நேரம், மண்டலம் இரண்டையும் தானியங்கியாக்கிவிட்டு போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். மண்டலம் கோலாலம்பூர் என்று காட்டினால் பதற வேண்டாம், அதுவும் நம்மைப் போல எட்டு மணி நேரம் முன்னால்தான். (1982க்கு முன் சிங்கப்பூர் ஏழரை மணிதான் முன்னால் இருந்தது. நல்லவேளை, அப்போது ப்ளே ஸ்டோர் இல்லை.)

ப்ளே ஸ்டோரைத் துடைக்கும் வரிசை

நேரம் சரி, விபிஎன் இல்லை, இரண்டு பாதையிலும் திறக்கவில்லை, அல்லது ‘ஆர்எச்-01’, ‘டிஎஃப்-டிஎஃப்இஆர்எச்-01’ போன்ற குறியீடு வருகிறது. இப்போதுதான் துடைப்பத்தை எடுக்க வேண்டும். இந்த வரிசையில் போவது முக்கியம், ஏனென்றால் ஒவ்வொரு படியும் முந்தையதைவிடக் கூடுதலாக எதையாவது பிடுங்கிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் பிறகு கடையைத் திறந்து பாருங்கள். திறந்துவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

செட்டிங்ஸ், ஆப்ஸ், கூகல் ப்ளே ஸ்டோர். ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ அழுத்தி, ஸ்டோரேஜ் போய் ‘கிளியர் கேஷ்’. இது தற்காலிகக் கோப்புகளை மட்டும் துடைக்கும், இதில் எதுவும் இழப்பில்லை. சரியாகவில்லையா, அதே இடத்தில் ‘கிளியர் டேட்டா’. கடையின் உள் அமைப்புகள் மட்டும் பழைய நிலைக்குப் போகும். நிறுவிய செயலிகள் அப்படியே இருக்கும். அடுத்து ‘கூகல் ப்ளே சர்வீசஸ்’ என்ற இன்னொரு செயலி. இங்கே கேஷை மட்டும் துடையுங்கள்.

ப்ளே சர்வீசஸின் முழு டேட்டாவைத் துடைப்பது வேறு கதை. கூகல் வாலெட்டில் சேர்த்து வைத்த வங்கி அட்டை அதோடு போய்விடலாம். போனைத் தட்டிப் பேருந்தில் ஏறும் பழக்கம் உள்ளவர் மறுநாள் காலை அவசரத்தில் இதைக் கண்டுபிடித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். செய்தே ஆக வேண்டுமென்றால் கையில் ஈசி-லிங்க் பயண அட்டை இருக்கும் நாளில் செய்யுங்கள்.

அதற்கு முன் முயல வேண்டிய ஒன்று: ப்ளே ஸ்டோரின் பக்கத்தில் மேலே மூன்று புள்ளி, ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’. போன் வாங்கியபோது இருந்த பழைய பதிப்புக்குப் போய், அதுவாகவே மறுபடி புதுப்பித்துக்கொள்ளும். பாதியில் அறுந்துபோன புதுப்பிப்பால் வந்த கோளாறு இதில் தீரும்.

எல்லாவற்றுக்கும் கடைசியில், கூகல் கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பது. பலன் தரக்கூடும், ஆபத்தும் உண்டு. மறுபடி நுழையக் கடவுச்சொல் வேண்டும், கூடவே ஒரு சரிபார்ப்பு எண்ணும் வரலாம். அந்த எண் எங்கே வரும்? கணக்கைத் திறந்தபோது கொடுத்த இந்திய எண்ணுக்கு. அந்த சிம் ஊரில் அம்மாவின் போனில் இருக்கும், அல்லது ரீசார்ஜ் இல்லாமல் எப்போதோ செத்துப்போயிருக்கும். பிறகு கணக்குக்குள் போக வழியில்லை, தொடர்பு எண்கள் அத்தனையும் உள்ளே. ஆகவே நீக்குவதற்கு முன், இன்னும் உள்ளே இருக்கும்போதே, கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய் மீட்பு எண்ணைச் சிங்கப்பூர் எண்ணாக மாற்றி, கடவுச்சொல் நினைவில் இருப்பதை உலாவியில் ஒருமுறை நுழைந்து உறுதிசெய்து கொள்ளுங்கள். ஆப்பிள் கணக்குக்கும் இதே எச்சரிக்கை.

‘பெண்டிங்’ என்று சுற்றிக்கொண்டே இருப்பது இணைப்புக் கோளாறு அல்ல. பின்னால் இருபது செயலிகள் புதுப்பிக்க வரிசையில் நிற்கும். அவற்றை நிறுத்தினால் உங்களுடையது முன்னால் வரும். அல்லது இடம் போதாது. ஒரு ஜிபிக்குக் குறைவாக மிச்சமிருந்தால் முதலில் வாட்ஸ்அப்பின் காலை வணக்கக் காணொளிகளை அழியுங்கள்.

ஐபோனில்

இங்கே கேஷைத் துடைக்கும் பொத்தான் இல்லை. ஆப் ஸ்டோரைத் திறந்து, கீழ்ப்பட்டையில் உள்ள ஏதாவதொரு சின்னத்தைப் பத்துமுறை தொடர்ந்து தட்டினால் பக்கம் வெறுமையாகிப் புதிதாக ஏறும் என்று ஒரு பழைய தந்திரம் உண்டு; காசா பணமா, தட்டிப் பாருங்கள். அது போதவில்லையென்றால் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தட்டி, ‘மீடியா அண்ட் பர்ச்சேசஸ்’ஸில் மட்டும் வெளியேறி மறுபடி நுழையுங்கள். ஐகிளவுடைத் தொடவே தேவையில்லை. கீழே பெரிதாகத் தெரியும் ‘சைன் அவுட்’ வேறு, இது வேறு.

இலவசச் செயலிக்கே ‘வெரிஃபிகேஷன் ரிக்வயர்ட்’ என்று வந்தால் இணைப்பைத் தேடாதீர்கள். காலாவதியான வங்கி அட்டையோ கட்டப்படாத ஒரு சிறு தொகையோ கணக்கில் நிற்கிறது. பிள்ளையின் ஐபோனில் ஆப் ஸ்டோர் சின்னமே காணோம் என்றால் ஸ்கிரீன் டைமில் செயலி நிறுவுவதைப் பெற்றோரில் ஒருவர் தடுத்திருக்கிறார். இன்னொருவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பெரிய செயலிகள் சிம் டேட்டாவில் இறங்காமல் நின்றால், ஆப் ஸ்டோர் அமைப்பில் ‘ஆப் டவுன்லோட்ஸ்’ பாருங்கள். 200 எம்பிக்கு மேல் கேட்கும்படி வைத்திருக்கும். ஐஓஎஸ் 18 முதல் இந்தப் பக்கம் செட்டிங்ஸின் அடியில் ‘ஆப்ஸ்’ என்ற தலைப்புக்குள் ஒளிந்துகொண்டது.

கடை திறக்கிறது, செயலி மட்டும் இல்லை

‘உங்கள் நாட்டில் கிடைக்காது’ என்பதும் இணைப்புக் கோளாறாகவே புகார் செய்யப்படுகிறது. கணக்கின் நாடு இந்தியாவாக இருந்தால், சிங்கப்பூருக்கு மட்டும் வெளியிட்ட செயலி அதற்குத் தெரியாது. ப்ளே ஸ்டோரில் நாட்டை ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்றலாம், சிங்கப்பூரின் கட்டண முறை ஒன்றும் வேண்டும். பழைய நாட்டின் ப்ளே இருப்பு புதிய நாட்டில் செல்லாது. அதைவிட எளிது, இங்கேயே புதிதாக இரண்டாவது கூகல் கணக்கு ஒன்றைத் திறந்து போனில் சேர்த்துக்கொள்வது. கடையின் வலது மூலையில் கணக்கை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஆப்பிளில் நாட்டை மாற்ற இருப்பைச் செலவழித்து, சந்தாக்களை நிறுத்திவிட்டு வர வேண்டும்.

மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய சீனச் செட்டுகளில் கூகல் சேவைகள் இல்லாமலோ அணைந்தோ இருக்கும். சீன மென்பொருள் கொண்ட சியோமியில் கணக்குகள் பகுதியில் கூகல் அடிப்படைச் சேவைகளுக்கு ஒரு பொத்தான் இருக்கும், அதைப் போட்டாலே பாதி வேலை முடியும். ஆண்ட்ராய்டு 4.4 ஓடும் பழைய செட்டுகளுக்கு 2023 ஆகஸ்டிலேயே ப்ளே சர்வீசஸ் ஆதரவு நின்றுவிட்டது. பாட்டிக்குக் கொடுத்த அந்த போனுக்காக ஒரு மாலையை வீணாக்க வேண்டாம்.

சில நாள் யார் போனிலும் திறக்காது. 2020 டிசம்பர் 14 இரவு சிங்கப்பூர் நேரம் 7.46 முதல் 8.33 வரை கூகலின் கணக்குச் சரிபார்ப்பு அமைப்பு உலகம் முழுவதும் விழுந்துவிட்டது. உள்நுழையாமல் யூடியூப் பார்த்தவர்களுக்கு ஓடியது, உள்நுழைந்தவர்களுக்கு ஓடவில்லை. அந்த முக்கால் மணி நேரத்தில் கேஷைத் துடைத்தவர்கள், கணக்கை நீக்கியவர்கள், ரீசெட் போட்டவர்கள் எத்தனை பேரோ. பக்கத்து வீட்டுப் போனிலும் திறக்கவில்லையென்றால் எதையும் தொடாமல் ஒரு தேநீர் போட்டுக் குடியுங்கள். ஆப்பிளுக்கு ‘சிஸ்டம் ஸ்டேட்டஸ்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது, ஆப் ஸ்டோர் அருகே பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கலாம்.

கடை திறக்கவில்லை என்று ஏபிகே வாங்காதீர்கள்

“ஸ்டோர் வரலையா, இந்தா லிங்க்” என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே, அதாவது கடைக்கு வெளியே நிறுவும் செயலிக் கோப்பில்தான் பணம் போகிறது. அந்தச் செயலி எஸ்எம்எஸ் படிக்கவும், ‘அக்சசிபிலிட்டி’ வழியாகத் திரையை இயக்கவும் அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபியை அதுவே படித்து அதுவே அனுப்பும். 2024 பிப்ரவரியில் கூகல், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்புடன் சேர்ந்து, உலாவி, வாட்ஸ்அப் போன்றவற்றின் வழியாக வரும் இத்தகைய அனுமதி கேட்கும் செயலிகளைத் தானாகத் தடுக்கும் முறையை உலகிலேயே முதலில் இங்கேதான் சோதித்தது. தடுப்பு வந்தால் அதை அணைக்கச் சொல்லி வழிகாட்டுபவர் மோசடிக்காரர். இதில் ‘ஒருவேளை’ இல்லை. இங்குள்ள வங்கிச் செயலிகளும் 2023 முதல், வெளியிலிருந்து நிறுவிய ஆபத்தான செயலி போனில் இருந்தால் திறக்க மறுக்கின்றன.

கூகலில் ‘ப்ளே ஸ்டோர் கஸ்டமர் கேர்’ என்று தேடிக் கிடைக்கும் எண்களை அழைக்காதீர்கள். திரையைப் பகிரச் சொல்லும் செயலியை யார் சொன்னாலும் நிறுவாதீர்கள்.

ஏற்கெனவே நிறுவிவிட்டீர்களா? போனை உடனே விமானப் பயன்முறையில் போட்டு, வைஃபையும் அணைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு, வேறொருவரின் போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். மோசடித் தடுப்புக்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799, இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கிறது. முழு ரீசெட் போட வேண்டிய இடம் இது ஒன்றுதான். அதுவும் வங்கியிடமும் காவல்துறையிடமும் பேசிய பிறகு.